ஒரே ஓட்டையில் இரண்டு

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த பிரமிளா சொல்லிக் கேட்டது. அவளுக்கு அவளுடைய சித்தி பேச்சித்தாய் சொன்னது. இரண்டு வாய் கடந்து வந்த விஷயத்தில் எது கூடியது எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தெரிந்தது போல எழுதிவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

உப்போடையில், உப்பளங்கள் முடிந்து தார்ச்சாலை தொடங்குகிற இடத்தில், பழைய உப்புக் கிட்டங்கி ஒன்று இருந்தது. உப்பு வைப்பதை நிறுத்திய பிறகு அதை ஒரு ரைபிள் கிளப்புக்குக் கொடுத்தார்கள். ஆனால் கிட்டங்கியின் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறித்தான் அளத்துப் பெண்கள் நாற்பது வருஷமாக சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றிப் போனால் ஓடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். ஆகவே கிளப்பும் அவர்களும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். விடியுமுன் வேலைக்கு இறங்குகிறவர்கள் பதினோரு மணிக்குக் கரையேறுவார்கள், அப்போது கிளப்பில் மணி அடிக்க வேண்டும், மணி அடித்த கணத்தில் சுடுகிறவர் எந்த நிலையில் இருந்தாலும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், கடைசிப் பெண் மேற்கு வாசலைத் தாண்டும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. சுடும் மேசைகளுக்கும் அட்டைகளுக்கும் நடுவே, தலையில் காலிச் சட்டியோடு, முப்பது பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு குறுக்கே நடந்து போவார்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தொடர்ந்து முப்பது நாள் யாரும் நடக்காவிட்டால் பாதை உரிமை போய்விடும்.

அந்தக் கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை ரெக்ஸலினுக்கு. வயது இருபத்துநான்கு. இயற்பியல் படித்தவள், அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எல்லாம் காற்றுத் துப்பாக்கிகள்; சிலிண்டரிலிருந்து இருநூறு அளவு அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்து, விசையை அழுத்தும்போது ஒரு மடக்குக் காற்று ஈய ரவையைத் தள்ளிக்கொண்டு போகும் வகை. அந்தக் காற்றை உள்ளே பிடித்து வைப்பவை சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர் வளையங்கள், ஓரிங் என்பார்கள். உப்புக் காற்றுக்கு அவை தாங்குவதில்லை. வெடிக்கும், தட்டையாகும், விளிம்பு தேயும். ரெக்ஸலின் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிற இடத்தைப் பார்ப்பாள், காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே திருகுகளைக் கழற்றுவாள், சிலிக்கான் கிரீஸ் தவிர வேறு எண்ணெய் தொடமாட்டாள், முடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பாள். ஒருமுறை சரிபார்த்தது அவளுக்குப் போதாது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் திருகை இறுக்கினோமா என்று எழுந்து உட்காருகிற ஆள் அவள்.

தை மாதம் ஒரு புதன்கிழமை, பயிற்சியாளர் ஞானதுரை மூன்றாம் எண் துப்பாக்கியால் சுட்டார். அட்டையில் ஓட்டை விழவில்லை. மறுபடி சுட்டார், விழவில்லை. முப்பது வருஷமாகக் குறி தவறாத மனிதர், முகம் கறுத்துப் போய் டீ குடிக்கப் போனார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் இல்லாத மேசைக்கு எதிரே, பத்து நிமிஷம் தாமதமாக, அட்டையின் நடுவில் டப், டப் என்று இரண்டு ஓட்டைகள் விழுந்தன.

ரெக்ஸலின் துப்பாக்கியைப் பார்த்தாள். குழலின் பின்வாயில் இருந்த ஓரிங் தேய்ந்திருந்தது. மேகசினுக்குள் பத்து ரவைகளையும் நழுவாமல் பிடித்து வைக்கிற வளையமும் தேய்ந்திருந்தது. காற்று கசிந்துகொண்டிருந்தது. காற்று குறையக் குறைய ரவை வந்து சேர நேரம் கூடியது, அவ்வளவுதான். மீட்டர் முள் இருநூறில் நின்றால் ரவை உடனே வந்தது. நூற்றெண்பதில் பத்து நிமிஷம். நூற்றைம்பதில் அரை மணி. நூறுக்கு இறங்கினால் மறுநாள் அதே நேரம். நடுவழியில் பலகை வைத்துப் பார்த்தார்கள். பலகையில் கீறல்கூட இல்லை, அட்டையில் ஓட்டை விழுந்தது. ரவை வழியில் எங்கேயும் இல்லை, போய்ச் சேர்கிற இடத்தில் மட்டும் இருந்தது.

புது ஓரிங் சென்னையிலிருந்து வர வேண்டும், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை உப்போடை அதோடு வாழப் பழகியது. கிட்டங்கியின் இரண்டு வாசலிலும் கரும்பலகை மாட்டினார்கள். 'இன்று வர வேண்டியவை: காலை 9.40க்கு நான்கு, 10.15க்கு மூன்று' என்று ரெக்ஸலின் எழுதிப் போடுவாள். அளத்துப் பெண்கள் அதைப் பேருந்து நேரம் பார்ப்பது போலப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை சுட்ட புள்ளி புதன்கிழமை விழுந்தால் எந்த நாள் கணக்கு என்று ஜில்லா சங்கத்தில் விவாதம் வந்தது. சுட்ட நாள்தான் கணக்கு என்று தீர்மானம் போட்டார்கள். தாசில்தார் அலுவலகம் அத்தாட்சி கேட்டது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வந்து விழுந்த ரவைகளை ஞானதுரை அட்டைக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து பொறுக்கி, காகிதத்தில் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, பதிவேட்டில் அந்தந்தப் பக்கத்தோடு குத்தி வைத்தார். பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஓட்டையை எண்ணினால் போதுமே. துபாய்க்குப் போய் எட்டு வருஷம் ஊர் திரும்பாதவனை "மூணாம் நம்பர்ல போனவன்" என்றார்கள். பிரசவ வலி எடுத்து மூன்று நாள் இழுத்த மருமகளைப் பார்த்து மாமியார் ஒருத்தி, "காத்து இறங்கிட்டு போல, ரவை மெதுவாத்தான் வரும்" என்றாளாம்.

பயப்பட்டவள் ரெக்ஸலின் ஒருத்திதான். எல்லோரும் கரும்பலகையை நம்பினார்கள். கரும்பலகையை எழுதுகிறவள் அவள்.

"ஏட்டி ரெக்ஸு, இன்னிக்கு ரவை உப்புமா உண்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சித்தாய் தினமும் வருவாள். வரிசையில் முதல் ஆள் அவள். நாற்பத்தைந்து வயது, உப்பில் வெந்த பாதங்கள், ஊரையே வம்புக்கு இழுக்கும் வாய்.

"பதினோரு மணிக்கு மேல ஒண்ணுமில்லக்கா. தாராளமா நடங்க."

"நீ சொன்னா நடக்கேன். படிச்ச பிள்ள சொன்னா தப்பா இருக்குமா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் ரெக்ஸலின் கரும்பலகைக் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

பங்குனி மாதம் ஓரிங் வந்து சேர்ந்தது. அன்று காலை, கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று என்று ஞானதுரை மேகசினில் பத்து ரவை எண்ணிப் போட்டு மூன்றாம் எண்ணை எடுத்தார். முள் நூற்றைம்பதில் இருந்தது. அவர் சுட்டுக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. ரவையைக் குழலில் ஏற்றுகிற போல்ட்டை இழுத்துத் தள்ளியவர், ரவை ஏறியதா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொருமுறை இழுத்துத் தள்ளி, ஒப்பந்தப்படி துப்பாக்கியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பெண்கள் கடந்து போனார்கள். அவர்கள் போன பிறகு, எத்தனை சுட்டோம் என்பதை அவர் மறந்திருந்தார். மேகசின் காலியாக இருந்தது. ஆகவே முடிந்தது என்று துப்பாக்கியை ரெக்ஸலினிடம் கொடுத்தார்.

ரெக்ஸலினின் மேசை மேற்கு வாசலை ஒட்டி இருந்தது. மாலைக்குள் காற்று இன்னும் கசிந்து, முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே விழுந்துவிட்டது. மேகசினைக் கழற்றினாள், காலி. பின்வாயில் எவ்வளவு காற்று பின்னால் அடிக்கிறது என்று கன்னத்தில் உணர்ந்து பார்க்க வேண்டும், பிறகு பிரிக்க வேண்டும். வழக்கமாக அதற்கு முன் குழலுக்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டுப் பார்ப்பாள். தேய்ந்த மேகசினிலிருந்து ரவை நழுவிக் குழலுக்குள் தங்கிவிடும், சில நேரம் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டுகூடத் தங்கும், அதற்காகத்தான் கம்பி. அன்று கம்பி விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. ஓரிங் வந்துவிட்ட மகிழ்ச்சியாக இருக்கலாம். துப்பாக்கியை மேசையில் கிடத்தி, கன்னத்தைப் பின்வாயருகே வைத்து, விசையை அழுத்தினாள்.

வெறும் குழலில் காற்று போனால் உடைந்த ஊதல் போலப் பெரிதாகச் சத்தம் வரும். அன்று வந்தது சின்னச் சத்தம். துப். உள்ளே ரவை இருந்தால் வருகிற சத்தம்.

அவள் தலை நிமிர்ந்து குழல் எதை நோக்கியிருக்கிறது என்று பார்த்தாள். திறந்திருந்த கிழக்கு வாசல். அதற்கு அப்பால் உப்பு மேடுவரை நீண்ட ஒற்றையடிப் பாதை. பாதை கிட்டங்கித் தரையைவிடத் தாழ்வு; குழலின் உயரம், அங்கே நடந்து வருகிற ஒரு பெண்ணின் கண் உயரம்.

ஞானதுரையிடம் ஓடினாள். "சார், காலையில எத்தனை விழுந்துச்சு?"

அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு ஓட்டைகள். நடுவில் இருந்த ஓட்டையைச் சுட்டிக் காட்டி, "இதைப் பாரும்மா. ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்கு. அப்போ ஒம்போது. சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி நான் நிறைய போட்டிருக்கேன்" என்றார். பதிவேட்டில் ஒன்பது என்று எழுதினார். "பாக்கி ஒண்ணு கீழ எங்கியாச்சும் விழுந்திருக்கும்."

எல்லோரும் போன பிறகு ரெக்ஸலின் முழந்தாளிட்டு கிட்டங்கித் தரை முழுவதும் கையால் துழாவினாள். மேசைக்கடியில், சுவரோரத்தில், சிமெண்ட் விரிசலில். ஒரு ரவை, ஒரே ஒரு ரவை கிடைத்துவிட்டால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே துழாவினாள். உப்புத்தான் கிடைத்தது.

அன்றே புது ஓரிங்குகளை மாட்டினாள். மூன்றாம் எண் குணமாகிவிட்டது. சுட்ட கணத்தில் ஓட்டை விழுந்தது. ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கரும்பலகைகளைக் கழற்றினார்கள். ரெக்ஸலின் வீட்டில் உட்கார்ந்து கட்டத்தாளில் முள்ளையும் தாமதத்தையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள்; சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனதும் கோடு தாளை விட்டு வெளியேறியது. இன்னொரு தாளை ஒட்டினாள். இருபது நாளாகலாம், நாற்பதாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எந்த மணி என்று சொல்ல முடியாது. எதிரே அட்டை இல்லாததால் பாதையில் எந்த இடம் என்றும் சொல்ல முடியாது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தியின் கண் போகும். மூன்று நாளும் பதினோரு மணிக்கு அவள் பாதையின் நடுவில் போய் நின்றாள், யாரையோ தேடுவது போல. எதிரே முப்பது முகங்கள் வந்தன. அறுபது கண்கள். அவள் அவற்றை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

நான்காம் நாள் பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னட்டி, எவனையும் எதிர்பாக்கியா? மூணு நாளா பேய் புடிச்ச மாதிரி நிக்க."

ரெக்ஸலின் சொல்லிவிட்டாள். கம்பி விடாததைச் சொன்னாள், சத்தத்தைச் சொன்னாள், குழல் பார்த்த திசையைச் சொன்னாள். பெண்கள் பாதையிலேயே நின்று கேட்டார்கள். வெயிலில் உப்பு மேடு கண்ணைக் கூச வைத்தது. ஒருத்தி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஞானதுரை வந்ததும் முதலில் சொன்னது, "பாதையை மூடிருவோம். ஒரு மூணு மாசம் சுத்திப் போங்க தாயி."

"முப்பது நாள் நடக்கலைன்னா பாதை எங்களுக்கு இல்ல. அந்தப் பத்திரத்தை எங்களுக்கும் வாசிச்சுக் காட்டியிருக்காவ சார்" என்றாள் பேச்சித்தாய்.

"கண்ணு போனா பரவாயில்லையா?"

"போகக் கூடாதுன்னுதான நிக்கோம்? உங்க ரவைக்கு எங்க பாதைய எழுதிக் குடுக்க முடியாது. அது வரும்போது வரட்டும். நாங்க வரும்போது வாரோம்." பிறகு தலையிலிருந்த அலுமினியச் சட்டியை இறக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். சட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இப்ப எவ கண்ணு தெரியுதுன்னு பாரு ரெக்ஸு."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தார்கள். முப்பது பெண்கள் ஒற்றை வரிசையில், முகத்துக்கு முன்னால் சட்டி, பார்வை காலடியில். முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்து அடுத்தவள் நடந்தாள். பேச்சு நின்றுபோனது, சட்டிக்குள் சொந்த மூச்சு மட்டும் கேட்டது. வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போதும் சிலர் திடீரென்று கையால் கண்ணை மறைத்தார்கள். உப்போடைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகிற வழியில் சிலேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. கிட்டங்கியில் பதினோரு மணி அடித்தால் டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார். பாதை முழுவதும் சட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.

ரெக்ஸலினை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வரிசைக்கு முன்னால், வெறும் முகத்தோடு, அவள் முதலில் நடந்தாள். வர வேண்டியது தன்னிடமே வரட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே, ஒவ்வோர் அடியிலும் இமைகள் தானாக மூடிக்கொள்வதை உணர்ந்தாள்.

"கொழுப்பாட்டி உனக்கு?" என்று பேச்சித்தாய் தினமும் வைதாள். "பாதி சட்டி தாரேன், உள்ள வா."

"வேணாங்க்கா."

"உன் கண்ணு போனா நாளைக்கு எவ இந்தத் துப்பாக்கிக்குக் கம்பி விட்டுப் பாப்பா? அறிவு கெட்டவளே."

முப்பத்துமூன்றாம் நாள். காற்று அசையவில்லை. கை வலிக்கத் தொடங்கியிருந்ததால் பாதிப் பெண்கள் சட்டியைக் கழுத்தளவுக்கு இறக்கியிருந்தார்கள். ஒருத்தி நான்கு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். கிழக்கு வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது ரெக்ஸலினுக்குக் கண்ணில் வியர்வை விழுந்தது, துடைப்பதற்காக நின்றாள். நின்றவளைப் பார்த்து எரிச்சலில் பேச்சித்தாய் எட்டு வைத்து முன்னால் வந்து, தன் சட்டியைப் பிடுங்கி எடுப்பது போல எடுத்து அவள் முகத்தின் மேல் அமுக்கினாள்.

ணங்.

கோயில் மணியை யாரோ விரல் நகத்தால் தட்டியது போல. சட்டியின் அடியில், ரெக்ஸலினின் இடது கண்ணுக்கு நேரே, ஒரு குழி. நசுங்கிய ஈயத் துண்டு ஒன்று உப்புமண்ணில் விழுந்து கிடந்தது. தொட்டால் சூடாக இருந்தது என்று பேச்சித்தாய் சொல்கிறாள். முப்பத்துமூன்று நாளுக்கு முந்தைய சூடு.

யாரோ ஒருத்தி குலவையிட்டாள். சட்டிகள் எல்லாம் கீழே விழுந்து உருண்டன. ரெக்ஸலின் பாதையில் உட்கார்ந்து, அந்த ஈயத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதாள். ஞானதுரை ஓடிவந்து தொப்பியைக் கழற்றினார். "வந்துட்டா? பத்தும் சரியாப் போச்சு!" மறுநாளிலிருந்து சட்டிகள் தலைக்கு ஏறின. பேச்சும் திரும்பி வந்தது. குழி விழுந்த சட்டியில் பேச்சித்தாய் இன்றும் உப்பு சுமக்கிறாள்.

பிரமிளா சொன்ன கதை இங்கே முடிகிறது. போன மாதம் அவளோடு நான் உப்போடைக்குப் போனேன். சட்டியைப் பார்த்தேன், குழிக்குள் என் சுண்டுவிரல் நுனி பொருந்தியது. ரெக்ஸலின் இப்போதும் அதே மேசையில் இருக்கிறார். பழைய பதிவேட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு மணியடிக்கப் போனார். பங்குனிப் பக்கத்தில் 'ஒன்பது' என்று ஞானதுரையின் கையெழுத்து இருந்தது. அதன் ஓரத்தில் அந்தச் சுற்றின் பொட்டலம், குத்திய குண்டூசி துருவேறி, பிரிக்காமல் அப்படியே இருந்தது. வெளியே மணி அடித்தது. கிழக்குப் பாதையில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன். மேசையில் வரிசையாக வைத்து மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன்.

உள்ளே இருந்தவை எட்டு. பேச்சித்தாயின் சட்டியில் பட்டதைச் சேர்த்தால் ஒன்பது. ஞானதுரை அன்று எண்ணிப் போட்டவை பத்து.